ஆறாத புண்



புற்றுநோய் வார்டில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, சரீரத்துக்குக் காவல் உண்டே, அது என்ன செய்துகொண்டிருந்தது?" நான் இறையியல் படித்தவன், பதில் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டறிந்ததைச் சொல்லுகிறேன்.

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதல்லவா? அதுவே அழற்சி. வெள்ளையணுக்கள் அங்கே கூடி, சைட்டோகைன் என்னும் தூதுப் புரதங்களை அனுப்புகின்றன. 'புதிய செல் வளரட்டும், இரத்தக்குழாய் வரட்டும்' என்பதே செய்தி. புண் ஆறினதும் தூது ஓய்ந்துவிடும். புற்றுக்கட்டியிலோ ஓய்வதில்லை. 1863-லேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ கட்டிக்குள் வெள்ளையணுக்களைக் கண்டார். 1986-ல் அமெரிக்க மருத்துவர் டுவோராக், கட்டிகளை ஆறாத புண்கள் என்றே எழுதினார். இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுகள் கட்டியைப் போஷிக்கின்றன; டி.ஜி.எஃப்.-பீட்டா என்பது, கொல்ல வரும் டி-செல்களை அடக்கிவிடுகிறது. காவல்காரனையே கையாளாக்கிக்கொண்ட திருடன்!

2017-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்திருந்த 10,000-க்கு மேற்பட்டோரில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் கண்டது. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்கள் அவர்களிடையே சற்று அதிகம். பின்பு புற்றுநோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை.

மறுநாள் அந்தத் தாயாரிடம், "காவல் தூங்கவில்லை அம்மா, ஏமாற்றப்பட்டது" என்றேன்.

"அப்படியானால் நான் செய்த பாவம் இல்லையே, ஐயா?"

இல்லை என்றேன். அன்றிரவு கஞ்சி குடித்தார்கள்.