பாட்டியாரின் தகரப் பெட்டி
(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் உபயத்தின்போது ஆற்றிய உரையின் சுருக்கம்)



அம்பிகையின் சந்நிதியில் தாய்மையின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். நூல்களில் கற்றதினும் கண்ணால் கண்டதைக் கூறுதலே முறையெனக் கருதி, 87 ஆண்டுகள் வாழ்ந்து 2019ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்த என் பாட்டியாரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

பாட்டியார் 1932இல் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் தம் தந்தையாரைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பறிகொடுத்தார். இளம் வயதிலேயே பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார். பொழுது புலருமுன் பிரட்டுக்கு நின்று, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துக் காண்டாவில் சுமந்தார். அவ்வுழைப்பில் ஐந்து பிள்ளைகள் ஆளாயினர்.

அவர் எழுத்தறியாதவர். ஆயினும் காகிதத்தின் அருமையை அவரளவு அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இலர். பிறப்புப் பத்திரங்கள் அனைத்தையும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்திருப்பார். காரணம் உண்டு. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை அற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1969க்குப் பின் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழகம் சென்றனர். பாட்டியாரின் நாத்தனார் குடும்பமும் காட்டுவதற்குப் பத்திரமின்றிப் பினாங்கில் ரஜூலா கப்பலேறிற்று. பின்னர் இருவரும் சந்திக்கவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயின்ற என்னை அழைத்து, நாத்தனாரின் கடிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். முடித்ததும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொல்வார். ஒரு காலத்தில் கடிதங்கள் வருவது நின்றது. அவற்றையும் அப்பெட்டியிலேயே வைத்திருந்தார்.

அன்பர்களே, அரசுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் கூறுகின்றேன்: பத்திரமில்லாதோர் துயரம் இன்னும் தீரவில்லை. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். 12 வயதில் மைகார்டு எடுத்தல் வேண்டும். 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தல் கட்டாயம். ஆலயத்தில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், தாய் இந்நாட்டுக் குடிமகளாக இல்லாதவிடத்துப் பிள்ளையின் குடியுரிமைக்கே இடர் நேரும். தாலி கட்டியவர் செய்த தாமதத்திற்குப் பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளை விலை கொடுக்கின்றது.

எனவே, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் ஆலய மண்டபத்தில் ஒரு மேசையிட்டு, பத்திரம் இல்லாதோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பணியை நிர்வாகம் மேற்கொள்ள வேண்டுகின்றேன். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் போதும். முதல் மேசையில் அமர நான் ஆயத்தமாக உள்ளேன்.

எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக.