கோணிய கையும் கோணிய சொல்லும்



இலக்கியத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இலக்கியக்காரனின் கருவி சொல். ஒரு மனிதனுக்கு நாம் சூட்டும் சொல், அவனைப் பார்க்கும் நம் கண்ணையே மாற்றிவிடும். அதற்குப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தைப் போல நல்ல சான்று வேறில்லை.

பந்தை வீசலாம், எறியக்கூடாது என்பது விதி. மடங்கிய முழங்கை நிமிர்ந்தால் அது எறிதல். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் மூன்று ஓவர்களில் ஏழு முறை எறிந்தார் என்று நடுவர் டரல் ஹெயார் அறிவித்தார். முரளிதரன் பிறகு மறுமுனையிலிருந்து வீசினார். அங்கு நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்தையேனும் குறை சொல்லவில்லை. அதே நாள், அதே கை.

நடுவரின் தீர்ப்பு அந்த ஆட்டத்தோடு முடிந்தது. பத்திரிகையின் தீர்ப்பு முடியவில்லை. 'எறிபவர்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அவுஸ்திரேலிய மைதானங்களில் அவர் வீசும் பந்துகளுக்கெல்லாம் கூட்டம் 'நோ போல்' என்று கூவியது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக நிபுணர்கள் சோதித்து, பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை அது, எறிவது போலத் தோன்றுவது கண்மயக்கு என்றார்கள். ஆனால், அதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். 'எறிபவர்' என்பதற்கு ஒரு சொல் போதும். தலைப்பில் எது இடம்பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே முரளிதரன் எறிபவர் என்று சொன்னார். அவ்வாண்டு அந்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் முரளிதரன் கலந்துகொள்ளவில்லை. அதே காலத்தில் அதிவேகக் கமராக்கள் வேறொரு செய்தியைச் சொல்லின. குறையற்றவர்கள் என்று புகழப்பட்ட கிளென் மெக்ராத் போன்றோர் உட்படப் பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிரத்தான் செய்கிறது! 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்ற வரம்பு வந்தது. உடனே, ஒருவருக்காக விதியை வளைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. எல்லாருடைய கையும் அளக்கப்பட்ட செய்தி அந்தப் பேச்சில் அமுங்கிப்போயிற்று.

இதையெல்லாம் நிறவெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? அதுவும் அதே அவசரந்தான். 1963இல் பிரிஸ்பேனில் இயன் மெக்கிஃப் என்ற அவுஸ்திரேலியரையே அவுஸ்திரேலிய நடுவர் எறிந்தார் என்று அறிவித்தார். அவருடைய ஆட்ட வாழ்வு அத்தோடு முடிந்தது. ஆகவே சந்தேகிப்பது குற்றமன்று. அளந்து பார்த்த பிறகும் சந்தேகத்தை மட்டும் விற்றுக்கொண்டிருப்பதே குற்றம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அந்த 1995 டிசம்பரில் சாவகச்சேரி எப்படி இருந்தது? ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் பெயர்ந்து வந்ததால் தென்மராட்சியின் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம். ஒருவர் மிதிக்க, பத்துப் பேர் காதைக் கொடுப்போம். மெல்பேர்ண் செய்தி வந்தபோது ஒரு பெரியவர், "தமிழ்ப் பெடியன் எண்டபடியால்தானே இந்த அநியாயம்" என்றார். மெல்பேர்ண் நடுவருக்குத் தமிழர் யார், சிங்களவர் யார் என்பதில் என்ன அக்கறை? இன்னொருவர், "அவன் ஆற்றை கொடிக்கு விளையாடுறான்?" என்று கேட்டார். இருவருமே அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவரவர் காயத்தைப் பார்த்தார்கள். அந்த நாளில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏழு பந்துகளை உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது. கண்டி வீதியில் மூட்டையோடு நின்ற சனத்தின்மேல் அந்தக் கண் அவ்வளவு நேரம் நிலைக்கவில்லை. தெற்கிலோ முரளிதரன் ஒற்றுமையின் அடையாளமானார். பதினொருவரில் ஒருவர் தமிழர் என்று காட்டி, இலட்சக்கணக்கான தமிழரின் கணக்கைத் தீர்த்துவிட முடியுமா? 2020இல் '800' திரைப்படம் பற்றிய சர்ச்சை தமிழ்நாட்டில் எழுந்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. போரைப் பற்றி அவர் கூறிய கருத்துகளுக்கு எதிர்ப்புக் கிளம்ப, நடிகர் விஜய் சேதுபதி விலகினார். அவர் கருத்தை மறுக்க நமக்கு முழு உரிமை உண்டு. நானும் மறுப்பவன். ஆனால் அதற்காக, 2010இல் காலியில் அவர் எட்டிய 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் ஒன்றையேனும் குறைக்க நமக்கு உரிமையில்லை.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துத் துலாக்கோலை உவமையாக்கினார். பகைவர், அயலார், நண்பர் என்று பார்க்காமல் நடப்பதே தகுதி என்று அவர் தொடங்குகிறார். ஆட்டக்களத்தில் நிற்பவரை நாம் 'நடுவர்' என்று அழைப்பது அழகான தமிழ். எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் அந்தப் பெயர் பொருந்த வேண்டும். நாளைக்கு விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இதே செயலை நம்மவர் செய்திருந்தால் இதே சொல்லை எழுதியிருப்பார்களா? நாம்தான் அதை ஏற்றிருப்போமா?