எல்லைக்கல்லைத் தாண்டினா யாருக்கு அதிகாரம்?

புறநகர் ஊராட்சி ஒன்றில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் நம் கட்சி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். படியுங்கள், பகிருங்கள்.



மேடைக்கு வர்ற வழியில ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுக் கேட்டார். “தம்பி, கார்ப்பரேஷன்ல இருந்து வர்றோம்னு ரெண்டு பேர் வந்து என் நிலத்தை அளந்துட்டுப் போறாங்க. நம்ம ஊரு பஞ்சாயத்துதானே? அவங்களுக்கு இங்க என்ன வேலை?”

சரியான கேள்வி. இன்னைக்கு அதைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன்.

மாநகராட்சிக்கு அதிகாரம் வானத்துல இருந்து வரல. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் கொடுத்தது. அது மாநகராட்சி எல்லைக்குள்ள செல்லும். நம்ம ஊராட்சிக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இருக்கு. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் கிராமத்துக்கும், 74-வது திருத்தம் நகரத்துக்கும் தனித்தனியா இடம் கொடுத்திருக்கு. ஊராட்சி என்பது மாநகராட்சியின் கிளை அலுவலகம் அல்ல!

மாநகராட்சி எல்லைக்கு வெளியே நிலம் வாங்கலாம். ஆனா அங்க அது நிலத்துக்குச் சொந்தக்காரர்தான், ஊருக்கு அரசாங்கம் இல்ல. குழாய் பதிக்கிற மாதிரி வேலைக்கு எல்லை தாண்டி வரணும்னா, சட்டம் அதுக்குன்னு தனியா இடம் கொடுத்திருக்கணும். வாய்வார்த்தை போதாது.

இங்க ஒரு குழப்பம் உண்டு. “நாமதான் சி.எம்.டி.ஏ.வுல சேர்ந்துட்டோமே, அப்போ கார்ப்பரேஷன்தானே?” இல்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 ஆக விரிந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான். சி.எம்.டி.ஏ. திட்டமிடும் அமைப்பு. நிலத்தை எதுக்குப் பயன்படுத்தலாம், கட்டடம் எப்படி இருக்கணும்னு அது விதி வைக்கலாம். அதனால உங்க வீட்டு வரி மாநகராட்சிக்குப் போயிடாது. அது ஊராட்சிக்குத்தான்.

சரி, நிலத்தை எடுக்கணும்னா? அரசியல் சட்டப் பிரிவு 300-ஏ தெளிவா சொல்லுது: சட்டத்தின் அதிகாரம் இல்லாம யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டமோ, நெடுஞ்சாலைக்கான சட்டமோ, எதுவானாலும் அரசு நடவடிக்கை எடுக்கணும், அறிவிப்பு தரணும், இழப்பீடு தரணும்.

கொல்கத்தாவுல நடந்ததைக் கேளுங்க. ஒரு தனியார் இடத்தைப் பூங்காவுக்காக எடுத்துக்கிட்டோம்னு அந்த மாநகராட்சி சொன்னது. 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம், நீங்க காட்டுற சட்டப் பிரிவு நிலம் எடுக்கும் அதிகாரமே தரலைன்னு சொல்லிடுச்சு. முன்னறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு, காரணம் சொல்லும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு... இப்படி ஏழு உரிமைகளை வரிசையா எழுதிச்சு. தோழர்களே, அது நகரத்துக்குள்ள இருந்த இடம்! சொந்த எல்லைக்குள்ளேயே இந்தக் கட்டுப்பாடுன்னா, எல்லைக்கு வெளியே?

அதுக்காக ஏரியை மடக்கிக் கட்டினவரும், கால்வாயில கழிவுநீர் விடுறவரும் கைதட்ட வேணாம். மாநகராட்சிக்கு வெளியேன்னா சட்டத்துக்கு வெளியேன்னு அர்த்தம் இல்ல. ஊராட்சி இருக்கு, வருவாய்த்துறை இருக்கு, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இருக்கு. அவங்க வரட்டும், வரணும்.

உண்மையான ஆபத்து வேற. எல்லையைத் தாண்டி வர முடியாதவங்க, எல்லையையே தள்ளி வைப்பாங்க. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆச்சு. 42 உள்ளாட்சிகள் உள்ளே போச்சு. 2025 தொடக்கத்துல பல மாநகராட்சிகளோட ஊராட்சிகளை இணைக்க உத்தரவு வந்தப்போ, வரி ஏறும், நூறு நாள் வேலை போகும்னு மக்கள் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னாங்க. இணைச்ச பிறகு “நீங்க யாரு”ன்னு கேட்க முடியாது. இணைக்கிறதுக்கு முன்னாடி கேட்கணும். அதனாலதான் சொல்றோம்: கிராம சபையைக் கேட்காம எந்த ஊரையும் இணைக்காதே!

கடைசியா, அந்தப் பெரியவருக்கும் உங்களுக்கும். யாராவது அளக்க வந்தா சண்டை வேண்டாம். மூணு கேள்வி கேளுங்க. எந்தச் சட்டம்? எந்த உத்தரவு, நம்பர் என்ன? கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? பதிலை எழுத்துல வாங்குங்க. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. பட்டா, சிட்டா, வரி ரசீது மூணையும் ஒரே பையில வையுங்க. வர்ற கிராம சபையில எழுந்து நின்னு பேசுங்க, தீர்மானம் போடச் சொல்லுங்க. நாங்க உங்க பக்கத்துல நிப்போம்.

நம்ம ஊரு, நம்ம முடிவு.

#கிராமசபை_உரிமை
#நம்மஊரு_நம்மமுடிவு