மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

புனேயில் எரவாடா என்றதும் காந்தி அடைபட்டிருந்த சிறைதான் நினைவுக்கு வரும். அதே எரவாடாவில்தான் 2000-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் நோயாளி வீடு திரும்பிய பிறகு?

கனடாவில் பேராசிரியராக இருந்த ஜகந்நாத் வாணியின் மனைவிக்கு மனச்சிதைவு நோய். வீட்டாரின் பாடு தெரிந்த ஜகந்நாத், 1997-இல் புனேயில் ஒரு விழிப்புணர்வுச் சங்கம் தொடங்கினார். நோயாளிகளின் உறவினர்கள் அங்கே கூடி, வெளியே சொல்ல முடியாததை மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

மருத்துவமனையில் மனநலச் செவிலியர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். நாக்கடியில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுபவர்கள் உண்டு, அதற்காகத் திட்டுவதில்லை. வீட்டில் நாமோ, “உனக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டே நோகடிப்போம். ஓயாத குத்தல் பேச்சு நோயைத் திரும்ப அழைத்துவரும் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. ‘குணமாகிவிட்டதே’ என்று நாமாக மாத்திரையை நிறுத்துவதும் அப்படித்தான்.

ஆலோசனை வேண்டுமா? அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். குறித்துக்கொள்ளுங்கள்.