அகலிகையிடம் கேட்ட கேள்வி
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



பழைய இதிகாசக் கதைகளைப் பெண்பாத்திரங்களின் பக்கம் நின்று திருப்பிச் சொல்லும் கதைகள் இன்று பல மொழிகளிலும் வெளிவருகின்றன. இவை நம் சமயத்துக்கு இழுக்கு என்று பெரியோர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தை நாம் எள்ளி நகையாட வரவில்லை. ஒரே ஒருத்தியின் கதையை எடுத்துக்கொண்டு, அதிலே இழுக்கு உண்டா என்று பார்ப்போம். அவள் அகலிகை, வைகறையில் நினைக்கத் தக்க பஞ்சகன்னியருள் முதலில் வைத்து எண்ணப்படுபவள்.

கௌதமர் வேடத்தில் இந்திரன் வந்தபோது அவள் அறிந்தாளா, அறியவில்லையா? இக்கேள்வி இரண்டாயிரம் ஆண்டாக அவளைத் தொடர்கின்றது. வான்மீகியின் பாலகாண்டத்தில் அவள் அறிந்தே இணங்குகிறாள். உத்தரகாண்டத்திலோ, அறியாது ஏமாந்தேன் என்கிறாள். கம்பன் இடைவழி ஒன்று கண்டான். இடையில் உணர்கிறாள், உணர்ந்தும் விலகவில்லை. தண்டனையும் ஒன்றாயில்லை. வான்மீகத்தில் அவள் கல்லாகவில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, யார் கண்ணுக்கும் புலப்படாமல், சாம்பலிற் கிடக்கிறாள். தமிழிலோ கம்பனுக்கு முன்னரே, பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவியத்தில் அவள் கல்லாகிவிட்டாள். குன்றுக்கு வந்தோர் இது என்ன என்று கேட்க, உடன் வந்தோர் சுட்டிக்காட்டி விளக்குகின்றனர். பாவம், சித்திரத்திலும் அவளுக்கு நிம்மதியில்லை!

ஆகவே கதையை மாற்றலாகாது என்போர்க்கு நம் விடை இதுதான்: மாற்றாமற் சொன்னவர் யார்? மாறாதிருந்தது கேள்வி ஒன்றே. அதைக் கேட்டவர் எல்லோரும் அவளுக்கு வெளியே நின்றவர்கள்.

கேள்வியை மாற்றியவர் புதுமைப்பித்தன். 1943-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘சாபவிமோசனம்’ என்ற சிறுகதை, மற்றவர்கள் முடிக்கும் இடத்திலே தொடங்குகின்றது. இராமனுடைய பாததூளி பட்டுக் கல் பெண்ணாயிற்று, கணவரும் ஏற்றுக்கொண்டார், சுபம் என்று நாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். மறுநாட் காலை அவள் தண்ணீருக்குப் போகவேண்டுமே! ஆற்றங்கரையில் மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் விலகிப் போகிறார்கள். கணவர் சாதாரணமாகச் சொல்லும் சொல்லிலும் வேறொரு பொருள் ஒளிந்திருக்குமோ என்று அவள் நடுங்குகிறாள். கௌதமரும் கொடியவரல்லர், அவரும் மருகுகிறார்.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் யோவான் சுவிசேஷத்துக் கதையொன்று சொல்லித்தருவார்கள். விபசாரத்திற் பிடிபட்ட பெண்மீது கல்லெறிய வந்தவர்கள் ஒவ்வொருவராய் நழுவிவிட, இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லி இயேசுநாதர் அவளை அனுப்பிவிடுகிறார். அவள் எந்த வீட்டுக்குப் போனாள், அயலவர் எந்த முகத்தோடு பார்த்தனர் என்று சுவிசேஷத்தில் இல்லை. நம் ஒழுங்கைகளில் ஒருமுறை பெயர் கெட்டுவிட்ட பெண்ணைக் கேளுங்கள், அவள் சொல்வாள். மன்னிப்பு ஒரு கணத்தில் முடிகிறது, ஊர் முடிவதில்லை.

புதுமைப்பித்தன் கதையிலே, இலங்கையிலிருந்து மீண்ட சீதை அகலிகையைக் காண வருகிறாள். தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். இராமனா கேட்டான் என்று அகலிகை திகைக்கிறாள். தன்னை மீட்டவனே இன்னொருத்தியிடம் சான்று கேட்டுவிட்டான். அவள் மீண்டும் கல்லாகிறாள். இம்முறை சாபமிட்டவர் எவருமில்லை.

இதை எழுதியவர் ஓர் ஆண் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பெண்ணாய்ப் பிறந்தவர்க்கே இப்பார்வை வாய்க்கும் என்பதை நாம் ஒப்பவில்லை. ஆனாற் பெண்கள் எழுதவந்தபோது கதை இன்னும் ஓரடி நகர்ந்தது என்பதை மறுக்கவும் முடியாது. இராமனை இராவணனாகவும் இராவணனை இராமனாகவும் ஆக்கிவிட்டாற் பெண்ணின் பக்கம் பேசியதாகும் என்று நினைத்து எழுதுவோர் பலர். அக்கதைகளில் ஆண்கள் இடம் மாறுகின்றனர். பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். நமக்கு அவை சலிப்பையே தருகின்றன.

வோல்கா என்னும் தெலுங்கு எழுத்தாளரின் ‘விமுக்த’ அத்தகையதன்று. 2015-ல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற நூல் அது. அதிலே சீதை, சூர்ப்பணகை, அகலிகை, ரேணுகை, ஊர்மிளை என்னும் நால்வரைச் சந்திக்கிறாள். பழங்கதைகளிற் பெண்கள் ஆண்களின் பொருட்டே சந்திப்பர். இங்கே தங்கள் பொருட்டுச் சந்திக்கின்றனர். அறிந்தாயா, அறியவில்லையா என்ற அந்தப் பழைய கேள்விக்கு இந்த அகலிகை விடை கூறுவதில்லை. கேட்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தார் என்பதே அவள் பேச்சு. எந்த விசாரணைக்கும் இணங்காதே என்று சீதைக்குச் சொல்லி அனுப்புகிறாள். இளம் சீதைக்கு அது விளங்கவில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபின், சபையின்முன் வந்து தூய்மையை நிரூபி என்று அயோத்தி அழைக்கும்போதுதான் விளங்குகிறது.