புது சம்ப்புக்குள்ள என்ன விஷம் இருக்கு?

இன்னைக்கு எபிசோடில் ஒரே ஒரு விஷயம்தான். வீடு கட்டிட்டு இருக்கிறவங்க, கட்டப் போறவங்க, ஊர்ல அப்பா வீடு கட்ட இங்கிருந்து மாசாமாசம் பணம் அனுப்புறவங்க, எல்லாரும் கடைசி வரைக்கும் கேளுங்க.

பேப்பர்ல இப்படி ஒரு செய்தி அடிக்கடி வரும். புதுசா கட்டுன செப்டிக் டேங்கில் சென்ட்ரிங் பலகை பிரிக்க ஒருத்தர் இறங்கினார், மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இறங்கினவரும் செத்துட்டார். ஊர் பேர் மட்டும் மாறும். சில சமயம் செப்டிக் டேங்குக்குப் பதிலா தண்ணி சம்ப். நாம "விஷவாயு தாக்கி"ன்னு படிச்சிட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம்.

ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. அது புதுத் தொட்டி. அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் குடி வரலை. ஒரு சொட்டு கழிவுநீர் கூட உள்ளே போகலை. அப்புறம் விஷவாயு எங்கிருந்து வந்துச்சு?

இதுக்குப் பதில் அந்தத் தொட்டியைக் கட்டுற விதத்துல இருக்கு. முதல்ல குழி தோண்டி, நாலு பக்கமும் சுவர் எழுப்புவாங்க. அப்புறம் மேல மூடி போடணும், அதாவது கான்கிரீட் ஸ்லாப். ஈரக் கான்கிரீட் அந்தரத்துல நிக்காது இல்லையா? அதனால தொட்டிக்குள்ளேயே சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, அது மேல பலகை அடுக்கி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊத்துவாங்க. ஆள் இறங்க ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு ஓட்டை மட்டும் விடுவாங்க. கான்கிரீட் இறுகினதுக்கு அப்புறம் அந்தப் பலகையையும் முட்டையும் அந்த ஓட்டை வழியாத்தான் வெளியே எடுக்கணும். வேற வழி கிடையாது.

இப்போ கணக்கு பாருங்க. ஐ.எஸ். 456ன்னு நம்ம நாட்டு கான்கிரீட் தர விதி ஒண்ணு இருக்கு. அதுப்படி நாலரை மீட்டருக்கு உட்பட்ட ஸ்லாபுக்கு முட்டை எடுக்க சாதாரணமா 7 நாள் போதும். ஆனா சைட்ல அப்படி நடக்காது. சென்ட்ரிங் ஆளுங்க அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. அந்தப் பலகை வேற சைட்டுக்குத் தேவைப்படும்போதுதான் திரும்பி வருவாங்க. மூணு வாரம் ஆகலாம், ரெண்டு மாசம் கூட ஆகலாம். அதுக்குள்ள க்யூரிங் தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் உள்ளே இறங்கி நிக்கும். குழந்தை, நாய் எதுவும் விழுந்துடக் கூடாதுன்னு ஓட்டையை நல்ல எண்ணத்தோட மூடியும் வச்சிருப்பாங்க.

மூடின இருட்டு அறை, தேங்குன தண்ணி, ஊறிப்போன மரம், சாக்கு. அங்கே பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். நாம சுவாசிக்கிற மாதிரியே அதுங்களும் ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடை விடும். நாள் ஆக ஆக உள்ளே ஆக்சிஜன் குறைஞ்சுகிட்டே போகும். கார்பன் டை ஆக்சைடு காத்தை விட ஒன்றரை மடங்கு கனம். அதனால அடியிலேயே தங்கும். தேங்குன தண்ணி அழுக ஆரம்பிச்சா மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடும் சேரலாம். அதாவது ஆளைக் கொல்றதுக்கு வெளியிலிருந்து எந்த விஷமும் வரணும்னு அவசியம் இல்லை. நாம உள்ளே விட்டுட்டு வந்த மரமும் தண்ணியுமே போதும்.

சாதாரணக் காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே அது ஆபத்தான இடம்னு பாதுகாப்பு விதிகள் சொல்லுது. 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பும். 6 சதவீதத்துக்குக் கீழே போனா எல்லாம் நொடிக் கணக்குதான். ஏணியில பாதி இறங்கும்போதே கை கால் தளர்ந்து விழுந்துடுவாங்க. ஆக்சிஜன் குறையுறதுக்கு வாசனை கிடையாது. "ஒரு மாதிரி இருந்தா மேல ஏறி வந்துடறேன்"னு சொல்லிட்டு இறங்குறாங்களே, ஏறி வரணும்னு முடிவு எடுக்க மூளைக்கு நேரமே கிடைக்காது.

அடுத்தது இன்னும் கொடுமை. மேல நிக்கிறவர் எட்டிப் பார்க்கிறார். உள்ளே கிடக்கிறது அவரோட தம்பியா இருக்கலாம், மச்சானா இருக்கலாம். ஒரே ஊரிலிருந்து வந்த, ஒரே ரூம்ல சமைச்சுச் சாப்பிடுற ஆளா இருக்கலாம். யோசிக்காம இறங்கிடுவார். அவரும் அதே காத்தைத்தான் சுவாசிக்கப் போறார். அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அரசு ஆய்வு நிறுவனம் இருக்கு. இந்த மாதிரி மூடின இடங்கள்ல சாகுறவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல காப்பாத்தப் போனவங்கதான்னு அவங்க 1986லேயே எழுதினாங்க.

சரி, சைட்ல வழக்கமா என்ன செய்றாங்க? சிலர் மூக்குல ஈரத் துண்டு கட்டிக்கிறாங்க. இப்போ என்95 மாஸ்க்கும் போடுறாங்க. மாஸ்க் தூசியை வடிகட்டும், ஆக்சிஜனைத் தயாரிக்காது. இன்னும் சிலர் கிணத்துல விளக்கை இறக்கிப் பார்த்த பழக்கத்துல மெழுகுவர்த்தியை இறக்குவாங்க. மெழுகுவர்த்தி எரிஞ்சாலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லைன்னு அர்த்தம் ஆகாது. மீத்தேன் இருந்தா அந்த நெருப்பே வெடிக்க வைக்கும். தண்ணியை இறைக்க டீசல் மோட்டாரை உள்ளே இறக்குறாங்க பாருங்க, அது மோசத்திலும் மோசம். அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு.

அப்போ என்னதான் செய்யணும்? வரிசையா சொல்றேன்.

முதல் வழி, உள்ளே ஆள் இறங்க வேண்டிய தேவையே இல்லாமப் பண்றது. தரையிலேயே வார்த்த ரெடிமேட் ஸ்லாப் துண்டுகளைச் சுவர் மேல தூக்கி அடுக்கிட்டா உள்ளே சென்ட்ரிங்கே வேண்டாம். பிரிக்கவும் யாரும் இறங்க வேண்டாம். பிளான் போடும்போதே இன்ஜினியர்கிட்ட இதைக் கேளுங்க.

அது முடியாதுன்னா, ரெண்டு மூலையில ரெண்டு ஓட்டை விடச் சொல்லுங்க. கம்பி வலை போட்டு மூடுங்க, பலகை போட்டு அடைக்காதீங்க. பலகை பிரிக்கிற அன்னைக்கு, மோட்டாரை வெளியே வச்சு குழாயை மட்டும் விட்டு முதல்ல தண்ணியை எடுங்க. அப்புறம் புளோயர் வச்சு, அதோட குழாய் தொட்டியோட அடி வரைக்கும் போற மாதிரி விட்டு, நல்ல காத்தை அடிங்க. வெறுமனே மூடியைத் திறந்து வச்சா கனமான வாயு தானா மேல வராது. நாலு வாயுவை அளக்கிற கேஸ் மீட்டரைக் கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் பார்க்கணும். சரியா இருந்தாத்தான் ஆள் இறங்கணும். உள்ளே வேலை நடக்கிற வரைக்கும் புளோயர் ஓடிட்டே இருக்கணும்.

இறங்குறவர் உடம்புல பெல்ட், அதுல கயிறு, கயித்தோட மறுமுனை மேல. இதை இறங்குறதுக்கு முன்னாடியே கட்டணும். மயங்கின ஆளைச் சின்ன ஓட்டை வழியா ஒருத்தரால தூக்க முடியாது. அதனால முக்காலியும் வின்ச்சும் வேணும். குறைஞ்சது மேல ரெண்டு மூணு பேராவது அங்கேயே நிக்கணும். டீ வாங்கப் போகக் கூடாது.

அப்படியும் ஒருத்தர் விழுந்துட்டா யாரும் இறங்காதீங்க. கயித்தை இழுங்க, புளோயரை உள்ளே திருப்புங்க, 101க்கும் 108க்கும் போன் போடுங்க. தீயணைப்பு வீரர்கள்கிட்ட முதுகுல மாட்டுற காத்து சிலிண்டர் இருக்கு. சொல்றதுக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த நேரத்துல இறங்காம நிக்க வைக்கிறதுதான் இன்னொரு உயிரைக் காப்பாத்தும்.

இதுக்கெல்லாம் யார் பொறுப்பு? கட்டுமானத் தொழிலாளர்களுக்குன்னே 1996இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. 2020இல் அதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள சேர்த்தாங்க. அந்தப் பழைய சட்டத்தோட 1998 விதிகளிலேயே, கெட்ட காத்து இருக்கிற தொட்டி, குழிக்குள்ள பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம ஆளை இறக்கக் கூடாதுன்னு இருக்கு. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்ற 2013 சட்டத்தைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா அது செப்டிக் டேங்கைச் சுத்தம் பண்றதைப் பத்திப் பேசுது. பலகை பிரிக்கிறது கட்டுமான வேலை. ஒரே மாதிரித் தொட்டி, ஒரே மாதிரிச் சாவு, ஆனா கணக்குல வேற வேற பக்கம்.

சின்ன வீட்டு வேலையில பெரிய கம்பெனி கிடையாது, சேஃப்டி ஆபீசர் கிடையாது. மேஸ்திரி இருக்கார், வீட்டுக்காரங்க இருக்காங்க. வீட்டுக்காரங்கன்னா நாமதான். டைல்ஸ் கலருக்கு மூணு கடை ஏறி இறங்குறோம். புளோயர் வாடகைக்கு எவ்வளவுன்னு எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

மேஸ்திரிகிட்ட எப்படிப் பேசுறதுன்னு தயக்கம் இருக்கும். சண்டை வேண்டாம். "அண்ணே, சம்ப் பலகை என்னைக்குப் பிரிக்கிறீங்க? அன்னைக்கு நானும் வர்றேன். புளோயர், மீட்டர், பெல்ட் வாடகை என் கணக்கு. அதெல்லாம் வராம யாரையும் இறக்காதீங்க." இவ்வளவுதான். செலவை நாம ஏத்துக்கிட்டா பெரும்பாலான மேஸ்திரிங்க மறுக்க மாட்டாங்க. அவங்க ஆளுங்களோட உயிர் அது. கூடவே இன்னொண்ணும் கேளுங்க. வேலை செய்றவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்காங்களா? தமிழ்நாட்டுல 1994இலிருந்து அந்த வாரியம் இருக்கு. பதிவு இல்லைன்னா, போன் வச்சிருக்கிற நாம பக்கத்துல உட்கார்ந்து பதிவு பண்ணிக் கொடுக்கலாம்.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்ப் கழுவ, உள்ளே வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடிக்க ஆள் வரும்போதும் இதே விதிதான். உங்க அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல இந்த எபிசோடைப் போடுங்க. ஊர்ல வீடு கட்டுற சித்தப்பாவுக்கு லிங்க் அனுப்பினா கேட்க மாட்டார், போன் பண்ணியே சொல்லிடுங்க. சம்ப் மூடி போட்டாச்சான்னு முதல்ல கேளுங்க. போட்டாச்சுன்னா, பலகை இன்னும் உள்ளே இருக்கான்னு கேளுங்க.