பிள்ளைகளின் மடிக்கணினியில் உறங்கும் உரிமை

(திருவொற்றியூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "இது நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், எண்ணூர் ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்களும் கூடியிருக்கும் இடம் இது. ஆனால் உங்களில் பலர் வீட்டுப் பரணில் சர்க்கார் கொடுத்த மடிக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதே! ஆகவே இது நம்முடைய பிரச்னைதான்.

2011 செப்டம்பர் 15ல் அந்தத் திட்டம் துவங்கியது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கைக்கு யந்திரம் வந்தது. அதைத் திறந்தால் திரையில் ஒரு கேள்வி நிற்கும்: விண்டோஸா, பாஸா? ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள். யந்திரத்தின் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்குகிற அடிப்படை மென்பொருளுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர்.

விண்டோஸ், மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007ல் வெளியிட்டது. கடிதம் எழுத, கணக்குப் போட, படம் திருத்த, இணையம் பார்க்க வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. எதற்கும் தனியாகக் காசு இல்லை. கட்டளைகளைத் தமிழிலும் காட்டும்.

நடந்தது என்ன? பல வீடுகளில் அந்தப் பக்கத்தை யாரும் தொடவே இல்லை. ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்தில், "இது வேண்டாத சாமான், இடத்தை அடைக்கிறது" என்று அழித்துக் கொடுத்தார்கள். நாமும் சந்தோஷமாக வாங்கி வந்தோம். எதை இழந்தோம் என்று நமக்குத் தெரியவில்லை.

புல்லட் சொல்லும் பாடம்

அதைத் தெரிந்துகொள்ளத் திருவொற்றியூர்க்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1955ல் இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனி சென்னைக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தது. அங்கிருந்து பாகங்கள் வந்தன; இங்கே பூட்டினார்கள். 1957ல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளே இங்கு வந்து சேர்ந்தன. பின்னால் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ஆலை மூடப்பட்டது; கம்பெனியும் மறைந்தது. ஆனால் புல்லட் வண்டி நின்றதா? நிற்கவில்லை. திருவொற்றியூர்த் தொழிலாளி அதைச் செய்துகொண்டே இருந்தான். கருவி இங்கே இருந்தது. வேலையும் அவன் கைக்குப் பழகியிருந்தது.

மென்பொருளுக்கு மூல நிரல்தான் அந்தக் கருவி. விண்டோஸின் மூல நிரலைக் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. லினக்ஸின் மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். என்ஃபீல்டில் அந்தக் கருவி ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கேயோ அது உங்கள் மகளுக்கும் உண்டு, என் மகனுக்கும் உண்டு.

ஒரு அச்சு யந்திரத்தின் கதை

இது எப்படி வந்தது? 1980ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் வேலை பார்த்தார். அங்கிருந்த அச்சு யந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கும். சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி, பழைய யந்திரத்தின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். புதிய யந்திரம் வந்தது. அதற்கும் அப்படிச் செய்ய மூல நிரலைக் கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். தன் முன்னால் நிற்கும் யந்திரத்தைச் சரி செய்யத் தனக்கு உரிமை இல்லையா என்று அவர் கொதித்தார். நம் ஆலைகளில் எத்தனை மெக்கானிக்குகள் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்!

1983ல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1991ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கருவை எழுதினார். இரண்டும் ஒன்றாக இணைந்தன. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி உழைத்தார்கள். 1993ல் துவங்கிய டெபியன் அந்தக் கூட்டு உழைப்பின் பலன். அதன் மேல் கட்டியதுதான் பாஸ்.

இதில் நான்கு உரிமைகள் உண்டு: எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், படித்துத் திருத்தலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல். அதனால் அங்கே குழப்பம். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். காசு இல்லை என்பது சின்ன விஷயம். கட்டு இல்லை என்பதே பெரிய விஷயம்.

"சும்மா கிடைப்பது உருப்படியாக இருக்குமா?" என்பார்கள். உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான்!

இன்று என்ன அவசரம்?

2020 ஜனவரி 14ல் விண்டோஸ் 7க்கும், 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய யந்திரங்களில் ஏறாது. "புதுசு வாங்கு" என்கிறார்கள். யந்திரம் செத்துவிட்டதா? இல்லை; அதைப் பொறுத்தவரை கம்பெனியின் வியாபாரக் கணக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய யந்திரத்தில் ஓடக்கூடிய எளிய லினக்ஸ் வகைகள் இருக்கின்றன. பழைய பாஸ் பதிப்புக்கும் வயதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் புதியதை ஏற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு பைசா கட்ட வேண்டாம்.

குறைகளை நான் மறைக்கவில்லை. சில பிரிண்டர்கள் மக்கர் செய்யும். வேலைக்குப் போகிற இடத்தில் விண்டோஸ் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே பிள்ளைகள் இரண்டையும் கற்கட்டும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். போதிய அளவு சொல்லிக் கொடுக்கவில்லை. கேரளத்தைப் பாருங்கள்! அங்கே பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டு வந்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தையே அதைக் கொண்டு எழுதினார்கள். அதனால் அது அங்கே வேர் பிடித்தது.

தமிழ்நாட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு யந்திரம் தரும் திட்டத்தை 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உள்ளே என்ன மென்பொருள் என்று மட்டும் கேட்டால் போதாது. அதை யார் சொல்லிக் கொடுப்பார், எந்தப் பாட வேளையில் என்றும் பெற்றோர் கூட்டங்களில் கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணிலிருக்கும் யந்திரத்தை இறக்கிப் படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள். தெரிந்த இளைஞர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ரெட்டிச் மூடியபோதும் இந்த ஊரில் புல்லட் ஓடியது. கம்பெனி கைவிட்ட பிறகும் நம் பிள்ளைகளின் யந்திரம் ஓடட்டும்!